கண் இரண்டு, திரை எத்தனை?

ஆறு தறிக்கு மூன்று ஆள் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு தறி. ஆலை முதலாளி கணக்குப் போட்டார். "ஆளுக்கு மூன்று தறி பார்த்தால் என்ன? ஓடி ஓடிப் பார்க்கட்டுமே!" என்றார். கணக்கு எளிது. ஆறு தறிக்கு இரண்டு ஆள் போதும். மூன்றாவது ஆள்? அவன் தெருவில்!

பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1928-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளியேறினார்கள். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். அக்டோபர் வரை ஆறு மாத காலம், ஆலைச் சங்கு ஊதியும் உள்ளே போகாமல் நின்றார்கள். அந்த மாபெரும் வேலைநிறுத்தத்துக்கான காரணங்களிலே முதன்மையான ஒன்று இந்தத் தறிக் கணக்குதான். தறியின்மீது அவர்களுக்குப் பகை இல்லை. தறிதான் அவர்களுக்குச் சோறு போட்டது. ஆனால், "தறியைக் கூட்டுமுன் எங்களைக் கேள், ஆள் என்ன ஆவான், கூலி என்ன ஆகும், ஓய்வு என்ன ஆகும், பதில் சொல்லிவிட்டுக் கூட்டு" என்றார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி பழங்கதை ஆகிவிட்டதா? இல்லை, தோழர்களே, இல்லை! புது மேனி பூண்டு வந்து நிற்கிறது. பஞ்சு பறக்கும் கூடத்திலே அல்ல, குளிரூட்டப்பட்ட கூடத்திலே! தறியாக அல்ல, திரையாக!

உங்கள் வீட்டுப் பிள்ளை கணினி அலுவலகத்துக்குப் போகிறானா? தங்கை மகள் தொலைபேசிச் சேவைக் கூடத்திலே இரவு வேலை பார்க்கிறாளா? கேட்டுப் பாருங்கள். "மேசையில் ஒரு திரையா, இரண்டா?" என்று கேளுங்கள். "இரண்டு" என்பார்கள் பலர். "மூன்று" என்பார்கள் சிலர். பங்குச் சந்தையிலே வாங்கல் விற்றல் செய்பவன் மேசையில் நான்கும் ஆறும் சுவர் போல் அடுக்கி நிற்கும். இது மேசை வேலைக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நேற்று அப்பன் கை தறியிலே தேய்ந்தது. இன்று பிள்ளையின் கண் திரையிலே தேய்கிறது. தேய்வது உழைப்பாளியின் உடல்தான்!

இரண்டு எதற்கு?

முதலிலே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது திரை வீண் பகட்டு அல்ல. அதற்குப் பயன் உண்டு.

நம் அச்சகத்துக் கம்பாசிட்டர் தோழரை நினைத்துப் பாருங்கள். கையெழுத்துப் படி கண்ணுக்கு எதிரே இருக்கும். எழுத்துக் கோக்கும் ஸ்டிக் கையிலே இருக்கும். படியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒரு வரி கோத்ததும் பெட்டியைத் திறந்து அடுத்த வரியைப் பார் என்றால் அவர் என்ன செய்வார்? ஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போவார்! ஒரே திரையில் வேலை பார்ப்பவன் கதி அதுதான். ஒரு பக்கத்தைத் திறந்தால் மற்றொன்று மறைந்துவிடும். அங்கே கண்ட எண்ணை மனத்திலே தாங்கிக்கொண்டு இங்கே வந்து பதிய வேண்டும். வரும் வழியிலே எண் தவறும். தவறியது கணக்குப் பிள்ளையின் தலையிலே விடியும்.

இரண்டு திரை இருந்தால்? பட்டியல் ஒரு புறம், பதிவு மறு புறம். மென்பொருள் எழுதுபவனுக்கு எழுதியது ஒரு புறம், அது ஓடுகிற ஓட்டம் மறு புறம். எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவருக்குச் சென்ற ஆண்டுப் படம் ஒரு புறம், இன்று எடுத்த படம் மறு புறம். மொழிபெயர்ப்பவருக்கு மூலம் ஒரு புறம், பெயர்ப்பு மறு புறம். இது தேவை. இதை மறுப்பவன் வேலை பார்த்து அறியாதவன்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததும் அல்ல. 1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியைக் கொண்டுவந்தபோதே, எழுத்துக்கு ஓர் அட்டை, வண்ணப் படத்துக்கு ஓர் அட்டை என்று இரண்டையும் ஒரே பெட்டியிலே பொருத்த இடமிருந்தது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருள், ஒரு திரையிலே எண்களையும் மறு திரையிலே அந்த எண்களின் வரைபடத்தையும் காட்டியது. 1987-இல் வந்த மெக்கின்டாஷ் 2, பல திரைகளை ஒட்டி ஒரே மேசைபோல் ஆக்கியது. ஒரு திரையின் ஓரத்திலே அம்புக்குறி மறைந்தால் மறு திரையின் ஓரத்திலே தோன்றும். 1998-இல் வந்த விண்டோஸ் 98 ஒன்பது திரை வரைக்கும் இடம் கொடுத்தது.

இடம் கொடுத்தென்ன? அக்காலத் திரை என்பது கனத்த கண்ணாடிக் குழாய். தூக்கி வைக்க ஆள் வேண்டும். தாங்கி நிற்க மேசை வேண்டும். இரண்டு வைத்தால் எழுதக் கை வைக்க இடமிராது. 2000-க்குப் பிறகு தட்டைத் திரை வந்தது, எடை குறைந்தது, விலையும் விழுந்தது. இரண்டாவது திரை மேசைக்கு மேசை ஏறிற்று. அலுவலகத்தின் இயல்பே ஆயிற்று.

யார் கொடுத்த கணக்கு?

திரை விற்பவர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்காவிலே யூட்டா பல்கலைக்கழகத்தில் 2003-இல் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு திரையிலே வேலை பார்ப்பவரையும் பல திரையிலே வேலை பார்ப்பவரையும் ஒப்பிட்டார்கள். பல திரையிலே வேலையின் அளவு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து கூடியது; பிழையோ மூன்றிலே ஒரு பங்கு குறைந்தது என்று முடிவு சொன்னார்கள்.

நல்லது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார்? திரை செய்கிற என்இசி-மிட்சுபிஷியும், திரைகளை இயக்கும் அட்டை செய்கிற ஏடிஐ-யும்! குடை வியாபாரி மழைக் கணக்கு எழுதினால் எப்படி வாசிக்க வேண்டுமோ அப்படித்தான் இதையும் வாசிக்க வேண்டும். மழையே பெய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. பெய்தது. எத்தனை அங்குலம் என்பதிலேதான் ஐயம்.

ஐயத்தை ஒதுக்கிவிடுவோம். அவர்கள் கணக்கையே ஒப்புக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து கூடியது என்றே வைத்துக்கொள்வோம். நம்முடைய கணக்கை இப்போது போடுவோம்.

எட்டு மணி நேர வேலை என்றால் 480 நிமிடம். பத்து பங்கு கூடுதலாக வேலை செய்கிற கருவி வந்தால், அதே 480 நிமிட வேலையை ஏறத்தாழ 436 நிமிடத்திலே முடிக்கலாம். மிச்சம் 44 நிமிடம். முக்கால் மணிக்கு ஒரு நிமிடம் குறைவு.

அந்த 44 நிமிடம் எங்கே?

தொழிலாளி முன்னதாக வீட்டுக்குப் போனானா? போகவில்லை. கூலியாகக் கையில் வந்ததா? எத்தனை பேருக்கு வந்தது, சொல்லுங்கள்! கண்ணை மூடி இளைப்பாறக் கொடுத்தார்களா? "இரண்டு திரை கொடுத்தேனே, இன்னும் ஏன் தாமதம்?" என்று கேட்டார்கள். பதினொரு பேர் பார்த்த வேலையைப் பத்துப் பேர் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். பதினொன்றாவது ஆள்? பம்பாயின் மூன்றாவது நெசவாளி நின்ற தெருவிலே நிற்கிறான்!

திரை குற்றவாளி அல்ல. திரைக்கு என்ன தெரியும்? காட்டு என்றால் காட்டும். கேள்வி, அது கொண்டுவந்த ஆதாயம் யார் மடியிலே விழுந்தது என்பதுதான்.

கண்ணின் கணக்கு

திரையைக் கூட்டலாம். கண்ணைக் கூட்ட முடியுமா?

கையை முன்னே நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த நகம் மறைக்கிற அகலம் இருக்கிறதே, ஏறத்தாழ அவ்வளவுதான் கண் ஒரு பார்வையிலே கூர்மையாகக் காண்கிற வட்டம்! அதற்கு வெளியே இருப்பது மங்கல்தான். எழுத்தைப் படிக்க அந்தச் சிறு வட்டத்தைத்தான் வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு போகிறோம். ஆகவே, இரண்டு திரையை ஒரே நேரத்தில் படிப்பவன் உலகத்திலே எவனும் இல்லை. இங்கும் அங்குமாகக் கண் ஓடுகிறது. கண் ஓடப் போதாதபோது கழுத்து திரும்புகிறது. நாளொன்றுக்கு எத்தனை முறை? எண்ணிப் பார்த்தவன் இல்லை. கழுத்துக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்று. கடைக்கண்ணுக்கு எழுத்துப் புரியாது. அசைவு மட்டும் உடனே புரியும். காட்டிலே வாழ்ந்த காலத்திலே புதரின் அசைவைக் கண்டு தப்பிக்க உதவிய கண் அது. இன்று பக்கத்துத் திரையிலே ஒரு செய்தி துள்ளினால், புலி துள்ளியதுபோல் கண் அங்கே பாய்கிறது. செய்துகொண்டிருந்த வேலை அறுகிறது. அறுந்த நூலை முடிச்சிட நெசவாளிக்கு நேரமாகிறது அல்லவா? அதுபோல் அறுந்த நினைவை முடிச்சிடவும் நேரமாகும். குளோரியா மார்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அலுவலக வேலையாட்கள் ஒரு திரைக் காட்சியிலே எவ்வளவு நேரம் கவனத்தை நிறுத்துகிறார்கள் என்று ஆண்டுக்கணக்காக அளந்தவர். 2004-இல் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் இருந்தது, பின்னாளில் 47 விநாடி அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று கண்டார். நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் நூல் அறுகிறது! இத்தனைக்கும் திரை ஒன்றுதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அறுக்கிற கத்திகளிலே அதுவும் ஒன்று.

திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பதும் குறைகிறது. கண் உலர்கிறது, எரிகிறது, நீர் வடிகிறது. தலை கனக்கிறது. "இளவயதுப் பிள்ளைக்கு என்ன தலைவலி?" என்று வீட்டிலே கேட்கிறோம். பிள்ளையைக் கேட்பதைவிட அவன் மேசையைக் கேட்டால் பதில் கிடைக்கும்!

"விளையாடும்போது வலிக்கவில்லையா?"

இந்த இடத்திலே மேலாளர் ஒரு கேள்வி போடுவார். மடக்கிவிட்டதாக அவருக்கு நினைப்பு. "ஏனப்பா, இரவு முழுவதும் மூன்று திரை வைத்துக்கொண்டு விளையாடுகிறாயே, அப்போது கண் வலிக்கவில்லையா? வேலை என்றால் மட்டும் வலிக்கிறதோ?"

கேள்வி நல்ல கேள்வி. பதிலும் நல்ல பதிலாகவே இருக்கட்டும்.

விளையாட்டிலே பல திரை புதிதல்ல. ஜப்பானிலே நின்டெண்டோ நிறுவனம் 1982-இலேயே இரண்டு சிறு திரையை மடித்து மூடும் கைப்பெட்டி விற்றது. 2004-இல் அதே எண்ணத்தோடு வந்த நின்டெண்டோ டிஎஸ் பதினைந்து கோடிக்கு மேல் விற்றது. டைட்டோ நிறுவனத்தின் டாரியஸ் என்ற ஆட்டம், 1980-களிலே மூன்று திரைகளைக் கண்ணாடியால் இணைத்து ஒரே நீளத் திரைபோல் காட்டியது. 1993-இல் வந்த டூம் என்ற சுடும் ஆட்டத்தின் முதற் பதிப்புகளிலே, மூன்று கணினியை இணைத்து நடுவே நேர்ப்பார்வை, இடப்பக்கம் இடப்பார்வை, வலப்பக்கம் வலப்பார்வை என்று வைத்துக்கொள்ள வழி இருந்தது. 2009-இல் ஏஎம்டி நிறுவனம் ஒரே அட்டையிலே ஆறு திரை வரை ஓடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

ஆட்டக்காரன் ஏன் இரண்டு வைக்காமல் மூன்று வைக்கிறான் தெரியுமா? இரண்டு வைத்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள சட்டம் நேர்ப்பார்வைக்குக் குறுக்கே நிற்கும். கார் ஓட்டும் ஆட்டத்திலே சாலையின் நடுவே கம்பம் நட்டதுபோல! மூன்று வைத்தால் நடுத்திரை நேரே இருக்கும். இரு பக்கத் திரையும் கடைக்கண்ணுக்கு அசைவைக் காட்டும். கண்ணுக்குக் கண்ணின் இயல்பறிந்து இடம் ஒதுக்குகிறான். யாரும் அவனுக்குக் கட்டளையிடவில்லை. தனக்கு எது தோதோ அதை அவனே தேடிக் கண்டுபிடித்தான்.

அதுவேதான் மேலாளருக்குப் பதில். விளையாட்டிலே திரையை வைத்தவன் அவன். உயரத்தை அமைத்தவன் அவன். சலித்தால் அணைப்பவனும் அவன். நண்பனோடு பேச வேண்டுமா, பக்கத்துத் திரையிலே பேசுவான், வேண்டாமா, மூடுவான். கண் வலிக்காது என்று யார் சொன்னார்கள்? விடிய விடிய ஆடினால் அங்கும் வலிக்கும். ஆனால் எழுந்து போக அவனுக்கு எவன் அனுமதியும் வேண்டாம்! அலுவலகத்திலே எழுந்து போனால் கடிகாரம் குறித்துக்கொள்கிறது. வேறுபாடு திரையின் எண்ணிக்கையிலே இல்லை, ஐயா, அதிகாரத்திலே இருக்கிறது!

கருவியா? கங்காணியா?

தொலைபேசிச் சேவைக் கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். முதல் திரையிலே வாடிக்கையாளர் விவரம். இரண்டாவது திரையிலே? எத்தனை அழைப்பு காத்திருக்கிறது, இந்த அழைப்பு எத்தனை விநாடி ஓடியது, இன்றைய சராசரி என்ன, பச்சையா சிவப்பா என்று காட்டிக்கொண்டே இருக்கும். முதல் திரை அந்தப் பெண்ணின் வேலைக்கு உதவுகிறது. இரண்டாவது திரை அவளை வேலை வாங்குகிறது!

தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை நாம் அறிவோம். அவன் கூடப் பசித்தால் சாப்பிடப் போவான். வெயில் தாங்காவிட்டால் மர நிழலுக்கு ஒதுங்குவான். இந்தக் கண்ணாடிக் கங்காணிக்குப் பசியில்லை, நிழல் வேண்டாம், இமையும் இல்லை!

ஆகவே, எந்தத் திரையைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இதிலே என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? அமர்ந்திருப்பவர் என்றால் அது கருவி. அமர்த்தியிருப்பவர் மட்டுமே என்றால் அது கங்காணி.

சுவீடன் சொன்ன பாடம்

"கேட்டால் கிடைக்குமா? கணினி செய்கிறவன் கடல் கடந்து இருக்கிறான். அவனிடம் நம் சங்கம் என்ன சாதிக்கும்?" என்று சோர்ந்து பேசுவோர் உண்டு. அவர்களுக்காகவே சொல்ல வேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

பழைய கண்ணாடித் திரைகளின் முகப்பிலே ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். "டிசிஓ" என்ற எழுத்தும், பக்கத்திலே 92, 95, 99 என்று ஏதோ ஓர் எண்ணும் இருக்கும். கோடிக்கணக்கானவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்திருப்பார்கள். அது கம்பெனிப் பெயர் அல்ல, தோழர்களே! தொழிற்சங்கத்தின் பெயர்! சுவீடன் நாட்டிலே அலுவலக ஊழியர் சங்கங்கள் ஒன்றுகூடி 1944-இல் அமைத்த கூட்டமைப்பின் பெயர்!

1980-களிலே அந்த நாட்டு அலுவலகங்களிலே திரைகள் வந்து குவிந்தன. தட்டச்சு செய்த பெண்களும் கணக்கர்களும் முறையிட்டார்கள். கண் கூசுகிறது, திரை நடுங்குகிறது, தலை வலிக்கிறது, முகம் எரிகிறது என்றார்கள். கருவுற்ற பெண்களுக்குத் திரையின் அலைகளால் கேடு வருமோ என்ற அச்சமும் பல நாடுகளிலே பரவியிருந்தது. இந்தக் கடைசி அச்சம் மெய்ப்படவில்லை. அமெரிக்காவிலே தொலைபேசி இயக்கும் பெண்களிடையே நடந்து 1991-இல் வெளியான பெரிய ஆய்வு, திரையால் கருச்சிதைவு கூடவில்லை என்றே கண்டது. உண்மையை உண்மை என்று ஏற்கத்தான் வேண்டும். ஆனால் கூசிய கண்ணும் வலித்த தலையும் கற்பனை அல்லவே!

சங்கம் என்ன செய்தது? திரையை உடைக்கவில்லை. திரை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வல்லுநர்களை அழைத்தது, திரையை அளந்தது. இவ்வளவுக்கு மேல் மின்புலம் வெளிவரக் கூடாது. படம் நடுங்கக் கூடாது. ஆள் இல்லாதபோது தானே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தானே விதி எழுதியது. 1992-இல் அந்த விதிக்கு முத்திரை கொடுத்தது. இந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர்களிலே பெர் எரிக் பொய்வி என்பவர் குறிப்பிடத்தக்கவர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைப் பார்த்து, "முத்திரை உள்ள திரையைத்தான் வாங்கச் சொல்லுங்கள்" என்றது சங்கம்.

சுவீடன் சிறிய நாடு. நம் சென்னையின் சுற்றுவட்டாரத்து மக்கள் தொகை அளவுதான் இருக்கும். ஆனால், சுவீடனுக்கு ஒரு திரை, உலகத்துக்கு ஒரு திரை என்று தனித்தனியே செய்ய ஆலைகளுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. சங்கத்தின் விதிக்குள் வரும் திரையையே எல்லா நாட்டுக்கும் செய்து அனுப்பின. கேட்டவர்கள் சுவீடன் ஊழியர்கள். பயன் பெற்றவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் திரைமுன் அமர்ந்தவர்கள்! பின்னாளிலே அந்த முத்திரைக்கான விதிகள், திரை செய்யும் ஆலைத் தொழிலாளியின் வேலை நிலைமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டன.

ஆயிரம் கூட்டத்திலே சொல்லத்தக்க பாடம் இது. எந்திரத்தை எதிர்த்து நிற்பது ஒரு வழி. எந்திரத்துக்கு இலக்கணம் எழுதுவது மற்றொரு வழி. இரண்டாவது வழியிலே வெற்றி கண்டவர்கள் உண்டு!

சட்டமும் வந்தது. 1990-இல் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு அமைப்பு திரை வேலைக்கென்றே ஒரு நெறிமுறை வகுத்தது. திரையைத் திருப்பவும் சாய்க்கவும் எளிதாக இருக்க வேண்டும். திரை வேலையின் நடுவே இடைவேளையோ வேலை மாற்றமோ இருக்க வேண்டும். தொழிலாளிக்குக் கண் பரிசோதனை உரிமை உண்டு. திரை வேலைக்கென்றே கண்ணாடி தேவைப்பட்டால் அதுவும் உண்டு. அந்தச் செலவு தொழிலாளி தலையிலே விழக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிலாளிக்குத் தெரியாமல் அவன் வேலையை அளக்கிற, கண்காணிக்கிற எந்த ஏற்பாட்டையும் பயன்படுத்தக் கூடாது! கங்காணி மரத்துக்குப் பின்னே ஒளிந்து நிற்கக் கூடாது என்று 1990-இலேயே எழுதிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. 1983-இல் வங்கி ஊழியர் சங்கங்களும் வங்கி நிர்வாகங்களின் சங்கமும் மேசையிலே எதிரெதிரே அமர்ந்து, வங்கிக்குள் எந்திரமும் கணினியும் எந்த அளவில் வரலாம் என்று பேசி உடன்படிக்கை எழுதின. சங்கம் இருந்தது, பேச முடிந்தது. சங்கம் இல்லாத இடத்திலே என்ன நடக்கும்? காலையிலே வந்து பார்த்தால் மேசையிலே புதுத் திரை இருக்கும்!

வீட்டுக்குள் வந்த அலுவலகம்

2020-இல் பெருந்தொற்று வந்தது. அலுவலகம் வீட்டுக்கு வந்தது. பகலிலே வேலை பார்த்த மேசையிலேதான் இரவிலே விளையாட்டு. அதே திரை, அதே நாற்காலி. வேலை எப்போது முடிந்தது, விளையாட்டு எப்போது தொடங்கியது என்று கடிகாரத்துக்கே தெரியவில்லை. ஒரு திரையிலே ஆட்டம் ஓடும். மறு திரையிலே அலுவலகச் செய்தி துள்ளும். கடைக்கண்ணால் பார்த்துவிட்டான், பார்த்தபின் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? எட்டு மணி நேரம் ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. மேசைக்கு வாடகை யார் கொடுத்தார்? வீடு! மின்சாரம் யாருடையது? வீட்டுடையது!

பிரான்சு நாட்டிலே 2017-ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் நடைமுறையிலே இருக்கிறது. வேலை நேரம் கழிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஐம்பதும் அதற்கு மேலும் ஆட்கள் உள்ள நிறுவனங்கள் ஊழியரோடு பேசியாக வேண்டும் என்கிறது அது. உரிமைக்குப் பெயர் புதிது. பொருள் பழையது. எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம்!

என்ன கேட்பது?

உணர்ச்சியை எழுப்பிவிட்டு ஒதுங்குவது முறையல்ல. கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்போம்.

ஒன்று: எத்தனை திரை, எந்த அளவு, அதிலே என்ன என்பதை அமர்ந்து வேலை பார்ப்பவரைக் கேட்டு முடிவு செய்க. வேண்டுபவருக்குக் கொடு, வேண்டாதவர் மேல் திணிக்காதே.

இரண்டு: திரையோடு நாற்காலியையும் சேர்த்துக் கொடு. திரை ஏறி இறங்க வேண்டும்; திரும்ப வேண்டும். அமர்த்தும் முறையும் சொல்லிக் கொடு. முறை எளிதுதான். கை நீட்டினால் விரல் தொடும் தூரம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ. ஒரு திரையே முதன்மை என்றால் அது மூக்குக்கு நேரே, மற்றது பக்கத்திலே சாய்வாக. இரண்டும் சமம் என்றால், இரண்டும் கூடும் இடம் மூக்குக்கு நேரே, திறந்த புத்தகம்போல. இரண்டும் ஒரே உயரம்; ஒரே வெளிச்சம். செலவில்லாத இந்தச் சிறு ஏற்பாடு பல கழுத்துகளைக் காப்பாற்றும்.

மூன்று: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்திலே உள்ளதை இருபது விநாடி பார் என்கிறார்கள் கண் மருத்துவர்கள். அந்த இருபது விநாடியை வேலை நேரத்திலே சேர். சோம்பல் கணக்கிலே எழுதாதே. ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை நிர்வாகத்தின் செலவிலே நடக்கட்டும்.

நான்கு: மறைந்து நின்று அளக்காதே. அளப்பது என்ன, எதற்கு, எங்கே எழுதி வைக்கிறாய் என்று முன்கூட்டிச் சொல்.

ஐந்து: கருவியால் மிச்சமான நேரத்திலே எங்கள் பங்கைக் கொடு. கூலியாகக் கொடு, அல்லது ஓய்வாகக் கொடு. அந்த 44 நிமிடத்தை முழுதாக நீயே விழுங்காதே!

இவற்றிலே எது ஆகாதது? எது அநியாயம்? சுவீடனிலே நடந்தது சிறுசேரியிலே நடக்கக் கூடாதா?

படித்த பிள்ளைகள் சிலர், "சங்கமெல்லாம் ஆலைக்காரர்களுக்கு, நாங்கள் அதிகாரிகள்" என்கிறார்கள். டிசிஓ முத்திரையைக் காட்டுங்கள் அவர்களுக்கு. அதைப் பொறித்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். அவர்களைப் போலவே சட்டை கசங்காமல் மேசையிலே அமர்ந்து வேலை பார்த்தவர்கள்தாம்! கண் வலிக்குக் கல்வித் தகுதி தெரியாது. கழுத்து வலி பதவிப் பெயரைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

திரை பெருகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்று இரண்டாகட்டும், இரண்டு மூன்றாகட்டும். அறிவு தந்த கருவியை அஞ்சி ஒதுக்குவது நம் வழக்கமல்ல. ஆனால், பம்பாய் நெசவாளி 1928-இல் கேட்ட கேள்வியை ஒவ்வொரு புதுத் திரையின் முன்னும் நின்று கேட்போம். கூட்டுகிறாயே, யாரைக் கேட்டுக் கூட்டினாய்? கூடியதிலே எங்கள் பங்கு எவ்வளவு?

தறியை எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். திரையை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். உழைப்பவனுக்குக் கண் இரண்டுதான். அவை தேய்ந்தால் மாற்றித் தர எந்த முதலாளியின் கிடங்கிலும் சரக்கு இல்லை!